விரத மோடு

சென்னியப்ப குருசாமி வீட்டு மாடியில் பஜனை சூடு பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் குரல் குறுக்கே பேசியது.

"அன்பரே, தங்கள் புகை நேரம் கடந்துகொண்டிருக்கிறது."

கஞ்சிரா நின்றது. கைத்தாளம் மட்டும் விஷயம் புரியாமல் இரண்டு தட்டு அதிகம் தட்டிவிட்டு நின்றது. கறுப்பு வேட்டி கட்டிய சாமிகள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்தி வாசிப்பவரின் சுத்தத் தமிழில், கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு குரல் தொடர்ந்தது.

"அன்பரே, தங்கள் சர்க்கரை இறங்குகிறது. தயவுசெய்து தங்கள் வழக்கத்தைத் தொடரவும்."

பூபதி சாமி துண்டை இழுத்து வயிற்றை மூடினார். மூடினால் நிற்கிற குரல் இல்லை அது.

"சாமி, அந்தப் பொட்டிய அணைச்சுப் போடுங்," என்றார் குருசாமி. இருபத்தேழு வருஷமாக மலைக்குப் போகிறவர். வருஷத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைக்கிறவர். கடைசியாக வைத்த ஃபிளெக்ஸில் ஐயப்பன் படம் இவர் படத்தைவிடச் சற்றுச் சிறியது.

"அணைக்க முடியாதுங் சாமி. அணைச்சா நானும் சேந்து அணைஞ்சு போயிருவனுங்."

"அப்ப அது கேக்கறதையாச்சும் குடுத்துப்போட்டு வரட்டும் சாமி," என்றது பின்வரிசை. சாமிகள் சிரிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் எல்லாரும் சிரித்தார்கள். குருசாமி மட்டும் சிரிக்கவில்லை. அது அவருடைய பக்குவம் என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பூபதிக்கு உதடு மரத்துப்போயிருந்தது. கை நடுங்கியது. குளிர்காலத்து மாடியில் சட்டையில்லாத உடம்பு வியர்வையில் குளித்தது. பிரசாதத்துக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை, நைவேத்தியம் ஆவதற்கு முன்பே, இரண்டு கையாலும் அள்ளித் தின்றார். பதறிப்போன சாமிகளிடம் சொல்ல வாயில் இடமில்லை. தின்றதால் ஏறிய சர்க்கரையைக் கண்டுகொண்ட கருவி, கடமை தவறாமல், இன்னும் கொஞ்சம் இன்சுலினை உள்ளே அனுப்பியது.

அந்தக் கருவிக்குப் பெயர் இனியன். வயிற்றில் ஒட்டிக்கொள்கிற, தீப்பெட்டி அளவுப் பெட்டி. தோலுக்கடியில் சர்க்கரையை அளந்து, தேவையான இன்சுலினைத் தானே செலுத்தும். இது வந்த பிறகு பாட்டில் இன்சுலின் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் மட்டும் உண்டு. இனியனில் இரண்டு மாடல். புகைக்காதவர்களுக்கு 'தூய்மை'. புகைப்பவர்களுக்கு 'சுடர்'. இரண்டும் இலவசம். 'புகைப்பவரும் மனிதரே' என்கிற உயர்ந்த கொள்கையோடு ஒரு சிகரெட் கம்பெனியின் தர்ம ஸ்தாபனம் அவற்றை நாடு முழுவதும் வழங்கியது. வழங்கிய விழாவில் பேசியவர்கள் பலரும் கண்கலங்கினார்கள். மேடையில் புகைமூட்டம் போட்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

சுடரின் சிறப்பு அதன் ஞாபகம். ஒருவர் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த டீக்குப் பிறகு சிகரெட் பற்றவைப்பார் என்பதை ஒரே மாதத்தில் படித்துக்கொள்ளும். பிறகு அவர் டீயும் சிகரெட்டும் விற்கிற பேக்கரிக்குக் கிளம்பும் முன்பே மருந்து கிளம்பிவிடும். புகை வந்து சர்க்கரையை ஏற்றும்போது அங்கே இன்சுலின் காத்துக்கொண்டு நிற்கும். நல்ல ஏற்பாடு. புகை வராமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. புகைப்பவர்கள் கேட்கிற கேள்வி இல்லையே அது.

பூபதிக்கு இதை ஒட்டிவிட்டது போன தை மாசம். மாலை போட்டது இந்தக் கார்த்திகையில். இடையில் நடந்தது ஒரு விரல்.

*

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பூபதி ஷிப்ட் மேஸ்திரி. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் மூன்று மாசமாக ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததால் நல்ல புண் என்று நினைத்திருந்தார். விரல் கறுத்த பிறகு மனைவி கோகிலா இழுத்துக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரினிடம் காட்டினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார் டாக்டர்.

"அஞ்சாறு இருக்குமுங்."

"பதினாலுங்," என்றாள் கோகிலா.

டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். "உங்களுக்குச் சக்கரை எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"எங்கய்யனுக்கு இருந்துச்சுங். பரம்பரை."

"அதும் இருக்கலாம். புகை பிடிக்கிறவங்களுக்குச் சக்கரை வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட முப்பது நாப்பது சதவீதம் அதிகம். நிகோடின் உள்ள போச்சுன்னா, இன்சுலின் சொல்றதை உடம்பு காதுல போட்டுக்காது. அதே நேரத்துல ஈரல்கிட்ட போயி, சேத்து வச்ச சக்கரையை வெளிய விடுன்னு விரட்டும். ரத்தத்துல சக்கரை ஏறும். அது போதாதுன்னு ரத்தக் குழாயையும் சுருக்கிடும். கடைசி விரலுக்கு ரத்தம் போகணும்ல? போகலை. அதான் கறுத்திருக்கு."

"பொட்டி கட்டியிருக்கறனுங்களே. சக்கரை நூத்தி முப்பதத் தாண்டறதில்லீங்."

"பெட்டி சக்கரையைத்தான் பாக்கும். உங்க காலைப் பாக்காது." டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே பேசினார். "புகையை விட்டா முழுக் காலும் தப்பும். ரத்த ஓட்டம் திரும்பும், இன்சுலினும் குறைவாப் போதும். விடலைன்னா இந்த விரலோட நிக்காது."

வெளியே வந்ததும் பூபதியின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. கோகிலா அந்தக் கையைப் பார்த்தாள். கை திரும்பி வந்தது.

"எப்புடி விடப் போறீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

நியாயமான கேள்வி. பூபதி ஜனவரி ஒன்றாம் தேதிகளில் விட்டிருக்கிறார். கோகிலா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து விட்டிருக்கிறார். அவள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் மறுபடி தொட்டிருக்கிறார். மிட்டாய், பாக்கு, மூச்சுப் பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. பிடித்தது ஒன்றே ஒன்று. கார்த்திகை முதல் தேதி கழுத்தில் மாலை விழுந்தால், மலைக்குப் போய் வந்து கழற்றும்வரை புகை நினைப்பே வராது. ஊர் 'சாமி' என்று கூப்பிடக் கூப்பிட, உள்ளே இருக்கிற ஆசாமி வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்வான். கழற்றிய அன்றைக்கே, பம்பையிலிருந்து வண்டி கிளம்புவதற்குள், திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவான்.

"மாலை போட்டுக்கறேன்," என்றார் பூபதி. "இந்தத் தடவ கழட்டப் போறதில்ல. சித்திரை விஷுவுக்குத்தான் மலைக்குப் போறது. அஞ்சு மாசம் ஆச்சுன்னா மறந்துரும்."

குருசாமியிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் திருநீற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மண்டலம் போதுஞ் சாமி," என்றார். "அதுக்கு மேல உடம்பு கேக்காது."

கேட்காத உடம்பு யாருடையது என்று பூபதிக்கு அப்போது தெரியவில்லை.

*

பஜனையில் மானம் போன மறுநாள் பூபதியும் கோகிலாவும் ஈரோட்டில் இருக்கிற இனியன் சேவை மையத்துக்குப் போனார்கள். குளிரூட்டிய கூடம். சுவரில் சிரிக்கிற குடும்பம். கண்ணாடிக்குப் பின்னால் விஹான் என்று பெயர் குத்திய இளைஞன். சாமியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சிகரெட்ட விட்டுட்டனுங்," என்றார் பூபதி. "இது நம்ப மாட்டீங்குது. குடிக்கிற நேரத்துக்கு முன்னாடியே மருந்த ஏத்திருது. தெனம் அஞ்சாறு தடவ மயக்கமா வருது."

விஹான் திரையைத் தட்டினான். "கரெக்ட் சார். டிவைஸ் உங்களை ரொம்ப நல்லா கத்துக்கிட்டிருக்கு. ஸ்கோர் தொண்ணூத்தெட்டு."

"அத மறக்க வைங்க."

"அது முடியாது சார். சேஃப்டி. விட்டுட்டேன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ரெண்டே மாசத்துல திரும்பக் குடிக்கிறாங்க. நம்பி டோஸைக் குறைச்சா, அன்னிக்கு நீங்க ரெண்டு அடிச்சீங்கன்னா சுகர் எகிறும். கேஸ் எங்க மேல வரும்."

"டாக்டரம்மா குறைக்கச் சொல்லி எழுதியே குடுத்திருக்காங்க," என்று கோகிலா சீட்டை நீட்டினாள்.

விஹான் அதை இரண்டு கையாலும் வாங்கினான். "டாக்டர்ஸ் ஃபீட்பேக் எங்களுக்கு ரொம்ப முக்கியம் மேடம்," என்று ஒரு தட்டில் வைத்தான். அந்தத் தட்டில் அதே மாதிரி நிறைய முக்கியம் இருந்தது.

"அப்ப அந்தத் தூய்மை மாடலக் குடுங்க. அதும் ஓசிதான?"

"தாராளமா சார். நீங்க புகைக்காதவர்னு சர்டிபிகேட் வேணும், அவ்ளோதான். ஆறு மாசம் தொடர்ச்சியா நிகோடின் இல்லைன்னு ரீடிங் காட்டணும்."

"எதுல காட்டோணும்?"

"இப்ப நீங்க போட்டிருக்கிற சுடர்லதான் சார்."

பூபதி யோசித்தார். "இதக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் குடிக்காம இருந்தா என்ன ஆகும்?"

"லோ ஆகும் சார்."

"ஆகி?"

விஹான் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அதுவரைக்கும் யாரும் போனதில்ல சார்."

"குடிக்கிற நேரத்துக்கு மட்டும் கழட்டி வெச்சுக்கலாங்களா?" என்றாள் கோகிலா.

"கழட்டினா லாக் ஆயிடும் மேடம். திருட்டுப் போயிடக்கூடாதுல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். கெட்ட பையன் இல்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம கொஞ்சமா ஸ்மோக் பண்ணிக்கிட்டா டிவைஸும் சந்தோஷமா இருக்கும், நீங்களும் இருப்பீங்க."

கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இரண்டையும் கழற்றக்கூடாது. முதலாவதைக் கழற்றினால் கால் போகும், இரண்டாவதைக் கழற்றினால் ஆள் போவார் என்று பூபதி பஸ்ஸில் வரும்போது கணக்கைத் தெளிவாகச் சொன்னார். கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

அவளுக்கும் ஒரு வழி தோன்றியது. இனியன் எந்தெந்த நேரத்தில் மருந்தை அவிழ்த்துவிடுகிறதோ அந்தந்த நேரத்தில் ஒரு கரண்டி குளுக்கோஸ். பட்டறைக்கு ஒரு டப்பா, வீட்டுக்கு ஒரு டப்பா, வேட்டி மடிப்பில் ஒரு பொட்டலம். விரதம் இருக்கிற சாமி வேளைக்கு வேளை வெள்ளைப் பொடி தின்பதைப் பார்த்துப் பட்டறையில் என்னென்னவோ பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஷிப்ட் முடிந்து பேக்கரி வாசலில் நின்று புகைத்துக்கொண்டே பேசினார்கள்.

குளுக்கோஸ் தின்றால் சர்க்கரை ஏறியது. ஏறினால் இனியன் மருந்து கொடுத்தது. கொடுத்தால் இறங்கியது. இறங்கினால் குளுக்கோஸ். ஒரே நாளில் அறுபதுக்கும் முந்நூறுக்கும் இடையே பூபதி ஏறி இறங்கினார். அப்படியிருந்தும் சுண்டுவிரலின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு திரும்பியிருந்தது. நம்ப முடியாமல் கோகிலா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "கறுப்பு நின்னுருச்சுங்க," என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு விளக்கேற்றப் போன பூபதி, தீக்குச்சியைக் கிழிக்காமலேயே சரிந்தார். காப்பி நேரத்து மருந்து. குளிரில் நடுங்கியதையும் சர்க்கரை இறங்கி நடுங்கியதையும் அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கோகிலா ஓடி வந்தபோது பல் கிட்டித்திருந்தது. ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் கடைவாயில் வழிந்து மாலைமேல் ஓடியது.

"அருகிலிருப்போர் கவனத்திற்கு," என்றது வயிறு. "அன்பருக்குப் புகைக்க உதவவும்."

ஆம்புலன்ஸ் எண்ணில் இசை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரே துணை குருசாமி. அவள் அவரைக் கூப்பிட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர் ஈர வேட்டியோடு, மேல்துண்டுகூட இல்லாமல் ஓடி வந்தார்.

வந்தவர் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. "தேன் எடுத்துட்டு வாம்மா," என்றார். விரலில் தொட்டு ஈறில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். பூபதியின் தாடை மெல்ல இளகியது. அதற்கப்புறம்தான் கோகிலா குருசாமியின் வயிற்றைப் பார்த்தாள். தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு தீப்பெட்டி. சுடர் மாடல். பேசுகிற ஓட்டையில் சந்தனத்தை அப்பி அடைத்திருந்தது.

"உங்களுக்குங்களா சாமி?"

"மூணு வருசமாச்சும்மா."

"அப்ப நீங்க மாலையோட..."

"மாலையோட குடிப்பனா. கழட்டி வெச்சுட்டுத்தான் குடிக்கறது. குடிச்சதும் குளிச்சுட்டு மறுபடி போட்டுக்குவேன்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு நாளைக்கு ஏழு தடவ குளிக்கறம்மா. சென்னியப்ப சாமி ஆச்சாரம் யாருக்கு வரும்னு ஊரே பேசுது."

"விட்டுப் பாக்கலீங்களா?"

"மொத வருசம் பாத்தேன். எருமேலி போற வழியில வண்டிக்குள்ள விழுந்துட்டேன். அருள் வந்துருச்சுன்னு நெனச்சுச் சூடம் காட்டுனாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "காட்டுனவங்க மேல தப்பில்ல. நானும் அப்பறம் அருளுன்னே சொல்லிட்டேன்."

பூபதி கண்ணைத் திறந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சாமி," என்றார். நாக்கு குழறியது. "ஆறு மாசம் முடியாதுங்களா."

குருசாமி அவர் கழுத்திலிருந்த மாலையைத் தேன் கையோடு கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தடியில் வைத்தார். "குரு கழட்டலாம். சாஸ்திரத்துல எடமிருக்கு," என்றார். பிறகு தன் இடுப்பு மடிப்பிலிருந்து பாக்கெட்டை எடுத்து ஒன்றைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்துச் சரிபார்த்துக் கொடுத்தார். மூன்று வருஷ அனுபவம்.

பூபதி பூஜையறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தார். பாதி ஆனதும் நடுக்கம் நின்றது. "நன்றி அன்பரே," என்றது இனியன். கோகிலா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

*

மாசி மாசம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சுண்டுவிரலில் தொடங்கிய கறுப்பு மாலையைக் கழற்றிய வேகத்தில் ஏறியிருந்தது. டாக்டர் நஸ்ரின் திட்டவில்லை. "கடைசியா எப்பப் புகைச்சீங்க?" என்று கேட்டார். "ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடிதானுங், பொட்டி கேட்டுச்சு," என்றாள் கோகிலா. டாக்டர் எழுதினார். எழுதுவதற்கு அவருக்கு இன்னும் அனுமதி இருந்தது.

வார்டுக்கு விஹான் வந்தான், ஆப்பிளோடு.

"சார், உங்க டேட்டாவைப் பாத்து பெங்களூர் டீமே ஆடிப் போயிட்டாங்க. சுடர் போட்டுக்கிட்டு இத்தனை நாள் புகைக்காம உயிரோட இருந்த ஒரே யூசர் நீங்கதான். நிகோடின் போனதும் உங்க உடம்புக்கு இன்சுலின் தேவையே கால்வாசி குறைஞ்சிருக்கு. சூப்பர் ஃபைண்டிங்."

"இதத்தான டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க," என்றாள் கோகிலா.

"அது அவங்க ஒப்பீனியன் மேடம். இது டேட்டா."

அந்த டேட்டா ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியிடப்பட்டது. மேடை முழுக்கச் செவ்வந்தி. 'விரத மோடு: நம் பண்பாட்டைப் புரிந்துகொண்ட தொழில்நுட்பம்' என்று பெரிய திரை. கம்பெனியின் துணைத் தலைவர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். ஒட்டிக்கொள்கிற ரக வேட்டி என்பதால் நெஞ்சை நிமிர்த்திப் பயமில்லாமல் நடந்தார். குருசாமி குத்துவிளக்கு ஏற்றினார். அவருடைய இருபத்தெட்டாவது ஃபிளெக்ஸைக் கம்பெனியே வைத்திருந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் பூபதி, மடியில் பொன்னாடை. அவர் பெயரை மேடையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

மாலை போட்ட அன்று பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று துணைத் தலைவர் விளக்கினார். ஒரு மண்டலத்துக்கு இனியன் பழைய பழக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, புகைக்காதவருக்கு உண்டான அளவில் மருந்து கொடுக்கும். முன்கூட்டிக் கொடுக்காது. புகை நேரத்தை நினைவூட்டாது. காலையும் மாலையும் ஒரு சரணம் சொல்லும்.

கேள்வி நேரத்தில் பூபதி கையைத் தூக்கினார். மைக் அவரிடம் வந்தது.

"மண்டலம் முடிஞ்சா என்னாகுமுங்?"

"பழைய செட்டிங் தானா திரும்பிடும் சாமி. நீங்க எதுவுமே பண்ண வேண்டாம்."

"திரும்பாம வெக்க முடியுங்களா? இந்த மோட்லயே ஆறு மாசம் ஓட்டிட்டா, நான் தூய்மை வாங்கிப் பொழைச்சுக்குவனுங்."

விஹான் மேடை ஓரத்தில் காலணியைப் பார்த்துக்கொண்டான். துணைத் தலைவர் கைகூப்பினார். குரல் நெகிழ்ந்திருந்தது.

"ஒரு மண்டலம்னு வெச்சது நம்ம முன்னோர்கள் சாமி. அந்த ஐதீகத்தை மாத்த நாங்க யாரு?"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எழ முடியாதவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

விழா முடிந்து வெளியே வரும்போது விஹான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "சார், விரத மோட்ல இருக்கிற நாள் சர்டிபிகேட்டுக்குக் கணக்கு ஆகாது. விரதம் தற்காலிகம்னு லீகல்ல சொல்லிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆன் ஆகும்." பிறகு, "நான் கேட்டுப் பாத்தேன் சார்," என்றான். அவனைப் பூபதி நம்பினார். நம்புவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

*

வலது குதிகாலில் புண் வந்தது ஐப்பசிக் கடைசியில். ஒற்றைக் காலே எல்லாப் பாரத்தையும் தாங்குவதால் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோகிலா அதைக் கழுவித் துணி கட்டினாள். கார்த்திகை முதல் தேதி விடியலில் குருசாமி வீட்டுக்கே வந்து மாலை போட்டுவிட்டார். கோகிலா பொத்தானை அமுக்கினாள்.

இனியன் வாயை மூடிக்கொண்டது.

பூபதிக்கு மயக்கம் வரவில்லை. நடுக்கம் வரவில்லை. காலை எடுத்த பிறகு முதல்முறையாகப் பகலில் தூங்கினார். குருசாமி காலையும் மாலையும் மட்டும் குளித்தார். சென்னியப்ப சாமிக்கு வர வர ஆச்சாரம் குறைகிறது என்று ஊர் பேசியது. அவர் காதில் வாங்கவில்லை. சாயங்காலங்களில் வந்து பூபதி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். "பசிக்குது சாமி," என்பார் அதிசயமாக. "நாக்குல உப்பு ஒறைக்குது சாமி."

குதிகால் புண் சிவந்தது. பிறகு ஓரம் சுருங்கியது. டாக்டர் நஸ்ரின் ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்து, பென்சிலால் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குமுன் அவர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

"நல்லா மூடுது," என்றார் கடைசியாகப் போனபோது. "உள்ளேர்ந்து சதை வளருது. இன்னும் ஒரு மாசம், ரத்த ஓட்டம் இதே மாதிரி இருந்தாப் போதும். இந்தக் காலு உங்களுதுதான்."

"ஒரு மாசங்களா," என்றாள் கோகிலா.

"அதிகபட்சம்."

பூபதி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மண்டலம் முடிய மூன்று நாள் இருந்தது.

மலைக்கு அவர் போகவில்லை. நாற்காலியில் எப்படிப் போவது. முடிகிற அன்று காலையில் அவரை எழுப்பாமல் கோகிலா புண்ணைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்தது பச்சைப் பயறு அளவில் நின்றிருந்தது. சுத்தமாக, ஈரமில்லாமல், இன்னும் கொஞ்சம் காலம் கேட்டுக்கொண்டு. மறுபடி கட்டினாள். இழுத்துக் கட்டவில்லை.

"அன்பரே, தங்கள் விரதம் இனிதே நிறைவுற்றது," என்றது இனியன்.

பூபதி விழித்துத்தான் இருந்தார். அவளைப் பார்த்தார். முதல் சிகரெட்டின் நேரம் இரண்டு பேருக்கும் தெரியும்.

"கேக்காத மாதிரி இருந்துக்கலாமா," என்றார்.

"குளுக்கோஸ் வெச்சுப் பாக்கலாமுங்க."

"போன தடவ பாத்தமே." அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். வியர்வை தொடங்கியிருந்தது. "பேக்கரிக்கு நீ போறயா. நானே போயிருப்பேன்."

கோகிலா கொடியில் கிடந்த துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு செருப்புப் போடாமல் கிளம்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஒளித்துவைத்த பாக்கெட்டுகளைத் தேடித் தேடித் தண்ணீரில் நனைத்தவள். கடையில் போய் அதைக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

பேக்கரி முன்னால் வரிசை இருந்தது. அந்த நேரத்தில் அங்கே அவள் அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. எல்லாருக்கும் கறுப்பு வேட்டி. எல்லாருடைய கழுத்தும் வெறுமையாக இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. சிலர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குருசாமி நடுவில் எங்கோ நின்றிருந்தார்; அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வயிறுகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. ஒரே குரல், ஒரே அக்கறை. அன்பரே, அன்பரே, அன்பரே.

வரிசைக் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். பூபதியோடு பட்டறையில் வேலை செய்கிறவர். உதடு வெளுத்திருந்தது, அவருக்கும் நேரமாகியிருந்தது. அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அக்காளுக்கு மொதல்ல குடுங். அவங்க வூட்டுக்காரரால நடந்து வர முடியாது."

நடுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

"எதும்மா வேணும்?" என்றார் கடைக்காரர். "பெருசா, சிறுசா?"

"எதுல கெடுதல் கம்மி?"

கடைக்காரர் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே தேடிப் பார்த்தார். பிறகு கைக்கு வந்த பாக்கெட் ஒன்றைப் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு தீப்பெட்டி வைத்து நீட்டினார்.